பிறந்த ஊர் எது என்று கேட்கிறது லேப்டாப்

தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் லேப்டாப், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தச் சின்னக் கடைக்கு ஒரு டீச்சர் வந்தார். பள்ளி லீவு முழுக்க லேப்டாப்பைத் தொடவில்லை. லீவு முடிந்து திறந்தால் பாஸ்வேர்டு ஞாபகத்தில் இல்லை. நாலைந்து முறை தப்பாகப் போட்டபின் திரையே மூன்று கேள்வி கேட்டது. முதலில் வளர்த்த பிராணியின் பெயர், முதலில் படித்த பள்ளி, பிறந்த ஊர். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். நாயின் பெயரிலும் பள்ளியின் பெயரிலும் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. ஊரில்தான் சிக்கல்.

தங்கவயலில் பிறந்தவருக்கு ஊர்ப் பெயர் ஒன்றா இரண்டா? பேச்சில் கே.ஜி.எஃப். பத்திரிகையில் கோலார் தங்கவயல். நகராட்சி ரசீதில் ராபர்ட்சன்பேட்டை. வீடு ஆண்டர்சன்பேட்டை. பிரசவம் பார்த்த மைன்ஸ் ஆஸ்பத்திரியைக் கணக்கில் எடுத்தால் இன்னொரு பெயர். டீச்சர் இவை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டார். பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், புள்ளி வைத்து, வைக்காமல்.

கடைக்காரர் லேப்டாப்பைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“வாங்கின அன்னிக்கு இதையெல்லாம் யாரு டைப் பண்ணது டீச்சர்?”

“கடைப் பையன்தாம்பா. அவன் கேக்கக் கேக்க நான் சொன்னேன்.”

“எந்த ஊர்க் கடை?”

“பெங்களூருல வாங்கினது.”

“நீங்க என்னன்னு சொன்னீங்க?”

“கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்னு முழுசாத்தான் சொன்னேன்.”

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ‘கோலார்’ என்று மட்டும் அடித்தார். புதுப் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்து நின்றது. பெங்களூர்ப் பையனுக்கு முதல் வார்த்தையே போதுமானதாக இருந்திருக்கிறது. டீச்சருக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். தங்கவயல்காரரைக் கோலார்க்காரர் என்று சொன்னால் முகம் சுருங்கும். கோலார் வேறு ஊர், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. “போயும் போயும் கோலாரா!” என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த வேலைக்குக் கடைக்காரர் கூலி வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தவர் டீச்சர்.

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குத் திறந்து கொடுக்கும் வேலையில் பாதி விசாரணைதான் என்பது அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். யார் அமைத்தது, கடைசியாக எப்போது திறந்தது, அதன்பின் என்ன மாறியது, வீட்டில் வேறு யார் தொடுகிறார்கள், முன்பு வைத்திருந்த போன் நம்பர் இன்னும் இருக்கிறதா. ஒரு வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இந்தக் கேள்விகள் வரும். கேள்வி முடிந்ததும் அவர் பார்ப்பது திரையை இல்லை, கீபோர்டை.

ஏனென்றால் ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’ என்று வருபவர்களில் ஒரு பகுதியினர் எதையும் மறந்திருப்பதில்லை. கேப்ஸ் லாக் விழுந்திருக்கும். பழைய சின்ன லேப்டாப்புகளில் நம் லாக் விழுந்தால் வலதுகைப் பக்கத்து எழுத்துகள் எண்களாகிவிடும். கே அடித்தால் 2, யு அடித்தால் 4, எம் அடித்தால் 0. குமார் என்று பாஸ்வேர்டு வைத்தவர் எத்தனை ஜென்மம் அடித்தாலும் அது குமார் ஆகாது. பெட்டிக்குள் வெறும் புள்ளிகள்தானே தெரிகின்றன, கண்டுபிடிப்பது எப்படி? பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் அடித்தது அப்படியே தெரியும். விண்டோஸ் வந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கண்ணைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அவருடைய நெடுநாள் ஆச்சரியம்.

தங்கவயலுக்கே உரிய இன்னொரு கோளாறும் உண்டு. இங்கே வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் மனு கன்னடம், பாஸ்வேர்டு ஆங்கிலம். ஒரு ஜெராக்ஸ் கடைப் பெண் கன்னடத்தில் மனு அடிப்பதற்காகக் கன்னடக் கீபோர்டைச் சேர்த்திருந்தார். மறுநாள் காலை லேப்டாப் அவரை உள்ளே விடவில்லை. கண் படத்தை அழுத்தியதும் பெட்டிக்குள் கன்னட எழுத்துகள் வரிசையாக நின்றன. திரையின் வலது கீழ் மூலையில் மொழி மாறியிருப்பதைக் காட்டி, கடைக்காரர் விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினார். ஆங்கிலம் வந்தது, கதவு திறந்தது. தமிழ்99 கீபோர்டு போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

இந்தத் தொழிலுக்குக் கடைக்காரர் வந்த வழி தங்கவயலின் அந்தத் தலைமுறைக்குப் பொதுவானது. அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி கடைசியோடு மூடப்பட்டபோது இவர் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தார். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் தொடங்கி வைத்த வேலை, மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய குழி, ஒரு நாளில் சங்கு ஊதாமல் நின்றுபோனது. அதற்குப்பின் பலருக்கு மிச்சமிருந்த வேலைவாய்ப்பு மாரிக்குப்பம் ரயில்தான். விடியற்காலையில் ஏறினால் பெங்களூர்; இருட்டியபின் இறங்கினால் வீடு. அவரும் ஏறினார். எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில் முதலில் தூசி துடைத்தார், பிறகு ராம் மாட்டினார், பிறகு விண்டோஸ் ஏற்றினார். நாலு வருஷம் கழித்து ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மேசையும் ஒரு சால்டரிங் அயர்னும் போட்டுத் தனிக்கடை வைத்தார்.

அந்த நாளில் பாஸ்வேர்டு என்பது தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் வைத்திருந்தவர்கள் தங்கள் பெயருக்குப் பாஸ்வேர்டு வைத்தார்களே தவிர, உள்ளே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இன்னொரு ஆள் பாஸ்வேர்டே இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. சேஃப் மோடில் போனால் அந்த ஆள் கதவைத் திறந்துவிடுவார். அது நடக்காவிட்டால் ஹைரன்ஸ் பூட் சிடி. இந்தியாவில் அந்தக் காலத்தில் மெக்கானிக்காக இருந்த யாரிடமும் அந்த சிடி இல்லாமல் இருந்திருக்காது. அதற்குள் நார்வேக்காரர் பெட்டர் நோர்டால் ஹாகன் எழுதிய ஒரு சின்ன நிரல் உண்டு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். நாலு கேள்விக்கு எண் அடித்தால் பாஸ்வேர்டு காலி. பத்து நிமிட வேலை, 200 ரூபாய் கூலி. வாடிக்கையாளர் பார்க்காதபடி திரையைத் திருப்பி வைத்துக்கொள்வாராம், வித்தை தெரிந்துவிடக் கூடாதே என்று.

எப்படி இவ்வளவு சுலபம்? விண்டோஸ் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை அரைத்து மாவாக்கி, அந்த மாவை மட்டும் சாம் என்ற கோப்பில் வைக்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் சிடியிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பினால் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பைத் திறந்து மாவைத் துடைத்துவிட்டால் வாசலில் கேட்க ஆளில்லை. எக்ஸ்பி இன்னொரு அசட்டுத்தனமும் செய்தது. பழைய இயந்திரங்களோடு ஒத்துப்போவதற்காகப் பாஸ்வேர்டை ஏழு ஏழு எழுத்தாக இரண்டு துண்டாக்கி, சின்ன எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாக்கி, தனித்தனியாக அரைத்தும் ஒரு பிரதி வைத்தது. ஓஃப்கிராக் என்ற இலவச நிரல் அந்தப் பிரதியை வைத்துச் சில நிமிடத்தில் பாஸ்வேர்டையே சொல்லிவிடும்.

பாஸ்வேர்டின் பிறப்பே இப்படித்தான். 1961 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையை ஃபெர்னாண்டோ கோர்படோ குழுவினர் அமைத்தபோது, ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்காமலிருக்கப் பாஸ்வேர்டு வந்தது. அடுத்த வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்டு பட்டியல் மொத்தத்தையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார்.

துடைத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்த கடைக்காரருக்கு 2009-ல் ஒரு அடி விழுந்தது. சங்கக் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் எக்ஸ்பி புரொஃபஷனல் போட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வழக்கம்போலப் பத்து நிமிடம், 200 ரூபாய். மறுநாள் காலை பெரியவர் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். லேப்டாப் திறக்கிறது, ஆனால் ஒரு ஃபோல்டரில் மட்டும் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பார்த்தால் கோப்புகளின் பெயர்கள் பச்சை நிறத்தில் இருந்தன.

எக்ஸ்பியில் பச்சைப் பெயர் என்றால் அந்தக் கோப்பு ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். யாரோ ஒரு நல்லெண்ணக்காரர் பெரியவருக்கு அதைச் செய்துகொடுத்திருக்கிறார். அந்தக் குறியீட்டின் சாவி பழைய பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பாஸ்வேர்டைத் துடைத்ததும் வாசல் திறந்துகொண்டது, பீரோச் சாவி தொலைந்துபோனது. மூன்று வருஷத்துச் சந்தாக் கணக்கு. பெரியவர் திட்டவில்லை. “பாத்துச் செய்ப்பா” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்கிறார் கடைக்காரர் இப்போதும்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவரே ஒரு பழைய துண்டுச் சீட்டோடு வந்தார். பாஸ்வேர்டு ஞாபகம் வந்துவிட்டது. சுரங்கத்தில் அவருடைய டோக்கன் நம்பர், பின்னால் மனைவி பெயர். இனி அது எதற்கு என்றுதான் கடைக்காரருக்கு முதலில் தோன்றியது. எஸ்.பி. ரோட்டுப் பழைய முதலாளியிடம் போன் போட்டுக் கேட்டார். பழைய பாஸ்வேர்டையே, ஒரு எழுத்துக்கூட மாறாமல், திரும்ப வைத்துப் பார் என்றார் அவர். வைத்தார். வெளியேறி மறுபடி உள்ளே வந்து ஒரு பச்சைக் கோப்பைத் தட்டினார். சந்தாக் கணக்கு வரிவரியாக விரிந்தது.

அன்றிலிருந்து கடையில் இரண்டு பழக்கம். எதையும் துடைக்குமுன் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைப்பது. இன்னொன்று, ‘சுத்தமா மறந்துட்டேன்’ என்பவரிடம் டோக்கன் நம்பர் கேட்பது. தங்கவயலில் அப்பாவின் டோக்கன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருஷத்துக்குப் பின்னும் அந்த நம்பர் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

கல்யாணத்தோடு எல்லை தாண்டி வரும் லேப்டாப்புகள் தனி ரகம். குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் மருமகளாக வரும்போது தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்பும் சீரோடு வந்துவிடும். பாஸ்வேர்டு வைத்தவன் தம்பி, தம்பி மறந்திருப்பான். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்திருக்கும், பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த லினக்ஸ் வழியாகப் போனால் விண்டோஸ் பக்கத்துப் படங்களும் பாடங்களும் பூட்டில்லாமல் கிடக்கும். பின்கதவு வீட்டோடு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பெண்கள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுகமெல்லாம் போய்விட்டது. விண்டோஸ் 8 வந்த 2012-க்குப்பின் பாஸ்வேர்டு மெல்ல மெல்ல லேப்டாப்பை விட்டு வெளியேறி மைக்ரோசாஃப்டின் கணக்குக்குக் குடிபோனது. மறந்தால் இன்னொரு போனிலிருந்து அந்தக் கணக்கைத் திறந்து, ஓ.டி.பி. வாங்கி, புதிதாக வைத்துக்கொள்ளலாம். புதிதாக வைத்தபின் லேப்டாப்பை இணையத்தில் இணைக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குப் புதுப் பாஸ்வேர்டு தெரியாது, பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும். இதைத் தெரியாமல் ‘மாத்தியும் திறக்கல’ என்று வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. உள்நுழையும் திரையிலேயே ஓரத்தில் வைஃபை குறி இருக்கிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் முடிந்தது வேலை.

ஓ.டி.பி. போகும் நம்பர் கையில் இருந்தால்தான் இதெல்லாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் துண்டிக்கப்பட்டு, 90 நாளுக்குப்பின் வேறொருவருக்குப் போய்விடலாம். வேலை மாறும்போதெல்லாம் சிம் மாற்றும் பையன்களுக்கு இதுதான் நடக்கிறது. அந்த நம்பரை அடித்தால் எங்கோ வட கர்நாடகத்தில் ஒருவர் எடுத்து, “யாரு பேக்கு?” என்று கேட்கிறார். அவரிடம் எப்படி ஓ.டி.பி. கேட்பது? வேறு மெயிலும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் நீண்ட விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. பழைய பாஸ்வேர்டுகள், யாருக்கெல்லாம் மெயில் போட்டீர்கள் என்றெல்லாம் கேட்கும். கணக்குக்குள் போய் நம்பரை மாற்றச் சொல்லி மனுப் போட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும். கடைக்காரரால் அந்த முப்பதை இருபத்தொன்பது ஆக்க முடியாது.

இத்தனை பேர் மறப்பதற்கு அவர் ஒரு காரணம் சொல்கிறார். யாரும் இப்போது பாஸ்வேர்டு அடிப்பதே இல்லை. நாலு இலக்கப் பின், இல்லையென்றால் விரல் ரேகை. வருஷக்கணக்கில் அடிக்காத பாஸ்வேர்டு எப்படி நினைவில் இருக்கும்? ஒருநாள் மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் புதுப்பித்தாலோ, பின் செல்லாது என்று திரை சொல்லும், பாஸ்வேர்டைக் கேட்கும். அப்போதுதான் ஆள் விழிப்பார். பின்னைச் சில முறை தப்பாக அடித்தால் ‘ஏ1பி2சி3’ என்று டைப் செய்யச் சொல்லி ஒரு வாசகம் வரும். யோசிக்காமல் தட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று சோதிக்கும் வாசகம், அவ்வளவுதான். அதைப் பார்த்து, லேப்டாப்பை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்த கல்லூரிப் பெண் ஒருவர் உண்டு.

விரல் ரேகை தங்கவயலுக்குப் புதிதும் இல்லை. கைரேகை பதிந்து ஆளைப் பதிவு செய்யும் முறையைச் சுரங்க நிர்வாகம் கொண்டுவந்தபோது தொழிலாளர்கள் 1930-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தங்கவயல் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய போராட்டம். அந்தத் தொழிலாளர்களின் கொள்ளுப்பேரன் இன்று காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் தானாகவே விரலை வைக்கிறான், ‘இன்னும் கொஞ்சம் ஓரமா வை’ என்று அது சொல்கிறது, வைக்கிறான்.

கடையில் எல்லாரும் பயப்படுவது நீலத் திரைக்கு. பிட்லாக்கர். டிஸ்க் முழுவதும் குறியீடாக மாற்றப்பட்டிருக்கும். திறக்க 48 இலக்க எண் வேண்டும், ஆறு ஆறாக எட்டுக் கூறு. ஹைரன்ஸ் சிடி, லினக்ஸ் எதைப் போட்டாலும் உள்ளே தெரிவது வெறும் குப்பை. முன்பு ஆபீஸ் லேப்டாப்புகளில் மட்டும் இருந்த இந்தப் பூட்டு, இப்போது வீட்டு லேப்டாப்பில் கேட்காமலே விழுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்ததும் குறியீடாக்கம் தானாகவே தொடங்கி, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் 11-ன் 2024 பதிப்பிலிருந்து புதிதாக அமைக்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் வழக்கம்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான ஒரு கோப்பால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் முடங்கின. அன்று இரவு மாரிக்குப்பம் ரயிலில் இறங்கிய பையன்களில் மூன்று பேர் ஆபீஸ் லேப்டாப்போடு நேராகக் கடைக்கு வந்தார்கள். சரி செய்யும் வழி சுலபமானது, அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். அழிப்பதற்கு உள்ளே போக வேண்டும், உள்ளே போக 48 இலக்கம் வேண்டும், அது கம்பெனியின் ஐ.டி. பிரிவில் இருக்கிறது. அவர் மூன்றையும் மூடிக் கொடுத்து, திங்கட்கிழமை ஆபீசில் கேட்கச் சொல்லி அனுப்பினார். ஆபீஸ் லேப்டாப்பை அவர் எப்போதும் தொடுவதில்லை.

அவரை உண்மையிலேயே கோபப்படுத்துவது வேறு. ஒரு நர்ஸிங் மாணவியின் லேப்டாப் அப்டேட்டுக்குப்பின் நீலத் திரையில் நின்றது. அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்தால் சாவி இல்லை; இந்த லேப்டாப்பே அந்தக் கணக்கில் இல்லை. விசாரணையில் வெளிவந்தது: வாங்கிய கடையில், கூட்ட நேரத்தில், விற்பனைப் பையன் தன்னிடமிருந்த ஏதோ ஒரு மெயிலைப் போட்டு லேப்டாப்பை அமைத்துக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்தபின் மாணவி தன் பெயரில் இன்னொரு கணக்கைச் சேர்த்துக்கொண்டார். சாவி போனது முதலில் நுழைந்தவனின் மெயிலுக்கு. கடைக்குப் போன் போட்டால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம். நம்பரைப் பிடித்து அவனிடமே பேசியாயிற்று. அந்த மாதிரி நாற்பது லேப்டாப்புக்கு ஒரே மெயிலைப் போட்டதாகவும், அந்த மெயிலின் பாஸ்வேர்டு தனக்கே மறந்துவிட்டதாகவும் சொன்னான்.

இரண்டு வருஷத்து நோட்ஸ், மருத்துவமனைப் பயிற்சிப் பதிவுகள், அம்மாவோடு எடுத்த படங்கள். டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பதைத் தவிர வழி தெரியவில்லை. துடைக்குமுன் அந்தப் பெண்ணிடம் மூன்று முறை கேட்டாராம், துடைக்கட்டுமா என்று. வேண்டாம், பழைய டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொள்கிறேன், என்றாவது அவனுக்கு ஞாபகம் வந்தால் பார்க்கலாம் என்று மாணவி புது எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டுக்கொண்டார். பழையது ஒரு கவரில், தேதி எழுதி, கடை அலமாரியில் இருக்கிறது.

எதையும் திறந்துவிடலாம் என்று யூடியூப் பார்த்துவிட்டு வாதாடுபவர்களுக்கு அவர் ஒரு கதை சொல்வார். கனடாவில் குவாட்ரிகா என்ற கிரிப்டோ சந்தையை நடத்திய ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார், வயது 30. தொழில் முழுக்க அவருடைய லேப்டாப்பில்தான், அதன் பாஸ்வேர்டு தனக்குத் தெரியாது, நிபுணரை வைத்தும் முடியவில்லை என்று அவர் மனைவி நீதிமன்றத்தில் சொன்னார். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். பிறகு தணிக்கையாளர்கள் தோண்டிப் பார்த்ததில் பணம் முன்பே கரைந்திருந்தது தெரிந்தது. 2020-ல் ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் அதை மோசடி என்றே சொன்னது. “பணம் போன வழியைக் கண்டுபிடிச்சாங்க, பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சாங்களா?” என்பார். அந்த மனைவியின் பெயர் ஜெனிஃபர் ராபர்ட்சன் என்பதைச் சொல்லும்போது மட்டும் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ராபர்ட்சன்பேட்டைக்கும் அவருக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை.

திறக்கத் தெரிந்தவரிடம் திறக்கக் கூடாததும் வரும். பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல், பாதி விலைக்கு வாங்கியதாகச் சொல்லி வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுகிறார். மனைவியின் லேப்டாப்பைக் கணவர் கொண்டுவந்தால், “அவங்களையும் கூட்டிட்டு வாங்கண்ணா, கைரேகை தேவைப்படும்” என்று சொல்வதுண்டு. தேவைப்படாது, ஆனால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. உரியவர் அனுமதி இல்லாமல் ஒருவர் கம்ப்யூட்டருக்குள் நேர்மையற்ற நோக்கத்தோடு நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரில் அதை அச்சடித்து ஒட்டியிருக்கிறார், தமிழிலும் கன்னடத்திலும்.

இப்போதெல்லாம் வருமானம் கீபோர்டிலும் பேட்டரியிலும்தான். ஆடிக் காற்றில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் மண் இந்த ஊர் லேப்டாப் எல்லாவற்றின் பொத்தான் அடியிலும் உட்காரும். அதைச் சுத்தம் செய்வதே மாதத்துக்குப் பத்து வரும். பாஸ்வேர்டு வேலையில் காசு குறைந்துவிட்டது. ஆனால் எந்த வேலைக்கு வந்த லேப்டாப்பாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்குமுன் உரியவரை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு காரியம் செய்ய வைக்கிறார். அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, லேப்டாப் அதில் இருக்கிறதா, போன் நம்பர் சரிதானா என்று பார்க்க வைப்பார். பிறகு 48 இலக்கத்தையும் கோடு போட்ட தாளில் உரியவரே தன் கையால் எழுத வேண்டும். எழுதியதை அவர்கள் உரக்க வாசிக்க, இவர் திரையில் சரிபார்ப்பார். லேப்டாப் பையிலேயே அந்தத் தாளை வைக்க விடமாட்டார்.

பெரும்பாலான வீடுகளில் அது இரும்புப் பெட்டிக்குள் போகிறது, அப்பாவின் சுரங்க வேலைக் காகிதங்களுக்கும் வீட்டு ரசீதுக்கும் நடுவில்.

உங்கள் லேப்டாப் இப்போது திறந்துதான் இருக்கும். மூடுவதற்குள் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ‘சாதனங்கள்’ பகுதிக்குப் போய், அந்த 48 இலக்க எண் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது.